நீங்கள் நிரப்ப விடாத கட்டம்

அக்கா,

இன்று காலை உங்கள் சின்னவள் காணிப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பொலித்தீன் உறையைப் பிரித்ததும் அரிசித் தவிட்டின் மணம் வந்தது. நீங்கள் அதை அலுமாரியில் வைத்ததே இல்லை. அரிசி மூட்டைக்குள்தான் வைப்பீர்கள். "ஓடேக்க முதல் தூக்கிறது அரிசியைத்தானே ரீச்சர். பத்திரமும் தன்ர பாட்டில வரும்" என்பீர்கள். இடம்பெயர்ந்த காலத்தில் என் சான்றிதழ்கள் எல்லாம் தொலைந்தன. உங்கள் பத்திரம் தொலையவில்லை.

நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. பின்னேரங்களில் வானொலியைச் சத்தமாகவே போடுகிறேன். குறைக்கச் சொல்லி வேலிக்கு அப்பாலிருந்து கத்த ஆளில்லை.

நம் ஊர் பாப்பாமோட்டையில் எல்லோருடைய காணிப் படிவங்களையும் நான்தானே நிரப்பினேன். அரச காணி என்றால் என்னவென்று கேட்டால் நூலகப் புத்தகத்தை உதாரணம் சொல்வேன். வைத்திருக்கலாம், பயன்படுத்தலாம், விற்கவோ தாள்களைப் பிரித்துப் பங்கிடவோ முடியாது, சொந்தக்காரர் அரசாங்கம். எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் மட்டும், "அந்தப் புத்தகத்துக்குள்ள பத்தைக் காடு வெட்டினது ஆர் ரீச்சர்? பாம்புக்கடி வாங்கினது ஆர்?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு அந்த உதாரணத்தை நான் மெதுவாகத்தான் சொல்வது.

உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் மிஞ்சியது. பின்னுரித்தாளர்: உங்களுக்குப் பிறகு அந்த வயலை வைத்திருக்கப் போகிறவர். ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். "சின்னவளைப் போடட்டோ அக்கா?" என்றேன். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் திறந்துவிடும் நாளில் மண்வெட்டியோடு வாய்க்காலில் முதல் நிற்பவள் அவள்தானே. மூத்தவன் சண்டைக் காலத்தில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவன். அங்கே முகாமிலேயே கலியாணம் கட்டி, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள்.

நீங்கள் என் கையிலிருந்து பேனையை வாங்கி மூடினீர்கள். "உசிரோட இருக்கிறவளுக்கு ஆள் மாத்தப் பாக்கிறியளோ? பொறுங்கோ, நான் செத்த பிறகு போடுங்கோ." நானும் சிரித்தேன். சாவைப் பற்றிய பயம் என்றுதான் நினைத்தேன். பிறகும் பல தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பகிடி சொன்னீர்கள்.

பெயர் எழுதாமல் விட்டபடியால் முதல் உரிமை மூத்த பிள்ளைக்கு என்று போன மாதம் கந்தோரில் காணி அதிகாரி சொன்னார். தனக்கு வேண்டாம் என்று அவன் எழுதித் தந்தால் மட்டும் சின்னவளுக்கு மாற்றலாமாம். கையெழுத்து ஒன்றுதானே என்று நினைத்து, நானே அவனுக்குக் கடிதம் போட்டேன். நேற்று அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"கோவிக்காதேங்கோ ரீச்சர், கையெழுத்து வைக்க மாட்டன். அம்மா போன் எடுக்கிற நேரமெல்லாம் சொல்லுறவ, 'உன்ர இடத்தில வேற பேர் எழுத விடேல்லையடா, நீ வா' எண்டு. இஞ்ச எனக்கெண்டு ஒரு பிடி மண் இல்லை. நான் வாறன்."

வகுப்பில் வெறுமையாக விட்ட விடைக்கு நான் பூச்சியம் போட்டுப் பழகியவள். தெரியாத பிள்ளைதான் வெறுமையாக விடும் என்று நம்பியவள். ஒருநாளாவது சொல்லியிருக்கலாமே அக்கா. சொல்லியிருந்தால் சின்னவளுக்காக உங்களோடு சண்டை பிடித்திருப்பேன், அதனால்தான் சொல்லவில்லையோ?

இன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரத்தின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"அப்ப இவ்வளவு நாளும் ஆரின்ர வயலுக்கு ரீச்சர் நான் தண்ணி கட்டினனான்?"

அவள் எழுந்தாள். அழவில்லை. வாசல் படலையடியில் நின்று திரும்பிச் சொன்னாள்:

"அண்ணனிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ, காலபோக விதைப்புக்கு முந்தி வாறாரோ பிந்தி வாறாரோ எண்டு. நான் விதைக்கிறதோ விடுறதோ எண்டு தெரியோணும்."

கேட்கத்தான் வேண்டும். கைபேசியை எடுத்து எடுத்து வைக்கிறேன். 'வா' என்றால் இவளை வயலிலிருந்து இறக்குகிறேன். 'வராதே' என்றால் அவனுக்கு இந்த ஊரையே அடைக்கிறேன். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் இப்போது நிற்பவள் நான். இத்தனை வருடமும் நீங்கள் நின்ற இடம் இதுதான் என்று அறியாமலே, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன், அக்கா.