உன் பூனையின் படுக்கை

இன்று காலைக் காப்பியில் ஒரு முடி மிதந்தது. மஞ்சள் முடி. உன் பூனை சின்னுவுடையது. த்தூ! வாயில் போனதைத் துப்பிவிட்டுக் குவளையை வெந்நீரில் கழுவி, அதையும் நம்பாமல் இன்னொரு தடவை கழுவினேன். அடியே, செத்துப்போனது நீ, சீரழிவது நான்.

உனக்குத் தெரியாதா, எனக்குப் பூனை என்றாலே குமட்டும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும், உன் சோபாவில் நான் உட்கார்ந்ததே இல்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான், அதுவும் துடைத்துவிட்டு. நீ சிரிப்பாய். "உன் வீட்டுத் தரையில சோத்தக் கொட்டிச் சாப்பிடலாம்டி, ஆனா நிம்மதியா உக்கார முடியுமா?" என்பாய். துணிக்கூடையில் உன் பழைய கைலியை மடித்துப் போட்டு, அதுதான் சின்னுவின் கட்டில் என்று வைத்திருந்தாய். அந்தக் கைலியைத் துவைக்கவே மாட்டாய். கிட்டப் போனால் பூனை வாடையும் உன் தைல வாடையும் சேர்ந்து ஆளைத் தூக்கும்.

"கருமம், பூனைக்கு எதுக்குடி தனிப் படுக்கை? எங்கயாச்சும் சுருண்டுக்கும்லா" என்று நான் கத்துவேன்.

"அதுக்குன்னு ஒரு எடம் இருந்தாத்தான் அது நம்ம வீட்டு ஆளு. இல்லாட்டி வந்து போற விருந்தாளி" என்பாய். பெரிய ஞானி!

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றே, உங்கள் வழக்கப்படி நீ படுத்த மெத்தை, தலையணை, உடுத்திய துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கீழே குப்பையில் போட்டார்கள். செத்தவள் துணி என்று அந்தக் கூடையும் சேர்ந்து போனது. அது பூனையின் படுக்கை என்று யாருக்கும் தோன்றவில்லை. மஞ்சள் தண்ணீர் விட்டு வீட்டையும் கழுவினார்கள். சுத்தத்துக்குப் பேர்போன எனக்கே அன்று அது பிடிக்கவில்லை. ஓர் ஆள் இருந்த தடத்தை இவ்வளவு அவசரமாகவா துடைப்பார்கள்?

அடுத்த வாரம் காஜாங்கிலிருந்து உன் மகன் வந்தான். கையில் புத்தம் புதுப் பூனைப் படுக்கை. ரோஸ் நிறம், வட்டம், புசுபுசுவென்று. "ஆன்டி, சின்னு உங்க வாசல்லயே கிடக்குதாம். கொஞ்ச நாள் வச்சிருங்கலா. எங்க கோண்டோ அடுக்குமாடில பூனை வைக்க விடமாட்டாங்க" என்றான். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாவி, உன் மூக்கை அப்படியே அவனுக்குக் கொடுத்திருக்கிறாய். படுக்கையை வாங்கி உள்ளே வைத்தேன்.

அந்த ரோஸ் படுக்கையில் உன் பூனை முதலில் செய்த காரியம் மூத்திரம் பெய்தது. துவைத்துப் போட்டேன், மறுபடி பெய்தது. என் மிதியடியில் வாந்தி எடுத்தது. சோற்றைத் தொடவில்லை. விலா எலும்பு தெரிய இளைத்து, மூலைமூலையாய் மோந்து பார்த்துவிட்டு, உன் பூட்டிய கதவின் முன்னால் போய்க் கத்தியது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தரையைத் துடைத்துத் துடைத்து எனக்கே சோறு இறங்கவில்லை. உன் மகனுக்குப் போன் போட்டேன்.

"அப்ப சரிப்படாதுலா ஆன்டி. ஞாயித்துக்கிழமை வரேன். மேரு பாசார்ல, மீன் கடைங்க பக்கமா விட்டுட்டா மீன் தலையத் தின்னு பொழச்சுக்கும்."

"பாசார்ல விடுறதா? உங்கம்மா வளத்த பூனைடா!"

"எல்லாரும் அப்படித்தானே ஆன்டி செய்றாங்க."

செய்கிறார்கள்தான். பாசார்ச் சாக்கடையோரம் வால் அறுந்து, கண்ணில் பீளை கட்டிக் கிடக்கிற பூனைகளைப் பார்த்து மூக்கை மூடிக்கொண்டு நடந்தவள்தானே நானும். ஆனால் அவன் சொன்னதைக் கேட்டு வந்த குமட்டல், அந்த மூத்திர வாடைக்குக்கூட வரவில்லை.

உனக்கு ஒன்று தெரியாது. நீ வீட்டில் போடுகிற தொளதொள அங்கி, அந்தக் கஃப்தான் ஒன்று என் அலமாரியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் நீ கழற்றி என் கையில் திணித்தது. "துவைச்சு வைடி, வந்து வாங்கிக்கிறேன்" என்றாய். துவைக்கவில்லை. கைக்குட்டையைக்கூட வெந்நீரில் அலசுகிற நான், உன் வேர்வையும் தைலமும் ஊறிய துணியைப் பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கி முடிந்து வைத்திருந்தேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பையை அவிழ்த்து ஒரு தரம் முகர்வேன். உடனே முடிந்துவிடுவேன், வாசம் போய்விடுமே என்று.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. கத்தக்கூடத் தெம்பில்லாமல் பூனை கதவோரம் கிடந்தது. மறுநாள் உன் மகன் வந்துவிடுவான். பையை அவிழ்த்தேன். முகத்தில் வைத்து நன்றாக அழுத்திக்கொண்டேன், அழுதேன் என்றே வைத்துக்கொள். பிறகு அதை மடித்துத் துணிக்கூடையில் போட்டேன். என் துணிக்கூடையில், கேட்டுக்கொள்! பூனை எழுந்து வந்து மோந்தது. முன்னங்கால்களால் மிதித்து மிதித்துப் பார்த்தது. ஏறிச் சுருண்டு தூங்கிப்போனது. சாயங்காலம் எழுந்து ஒரு தட்டு மீன் தின்றது. உன் மகனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை, காப்பி போன கோபத்தோடு, அந்தக் கூடைக்கு மேல் குனிந்து முகர்ந்து பார்த்தேன். உன் வாசம் துளியும் இல்லையடி. முடி, எச்சில், மீன் கவிச்சி. சீ! விறுவிறுவென்று வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தேன். சின்னு ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அந்தத் தண்ணீரில் தரையைத் துடைத்தேன். உன் துணியை இன்னும் துவைக்கவில்லை.