சாவி இறங்கும் கூடை

அன்புள்ள கடுகுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே, "சரிக்கா, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். உன் வீட்டில் எத்தனை பால்தான் பொங்கும்? கடிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இதோடு ஒரு சின்னப் பெட்டியும் வரும். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதைத் திற. முன்பே திறந்திருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. பரவாயில்லை.

பட்டறையில் இப்போது மூச்சுவிட நேரமில்லை. ஆண்டு முடிவு விடுமுறைக்கு ஜன்னலிலும் கடை வாசலிலும் மாட்டும் தொங்கல்களை எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் அம்மா, நம் ஊரைக் காட்டுகிற மாதிரி புதிதாக ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பாலம் வரைந்தேன், மணிக்கூண்டு வரைந்தேன், படகு வரைந்தேன். மூன்றையும் பார்த்துவிட்டு, "பாலம் எந்த ஊர்லதாம்மா இல்ல? இந்த ஊர் ஜனங்க தினமும் செய்யறது ஏதாச்சும் கொண்டு வாங்க" என்று தள்ளிவிட்டார். பென்சிலும் கையுமாக ஊரெல்லாம் அலைந்தேன். கால் ஓய்ந்து நம் தெருவுக்குள் நுழையும்போது, எதிர்வீட்டு இரண்டாம் மாடியிலிருந்து காய்கறிக்காரர் தலைக்கு நேராக ஒரு கூடை கயிற்றில் இறங்கியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

இரண்டே நாளில் மாதிரி தயாராகிவிட்டது. மரச்சட்டத்தில் பச்சை ஜன்னல். அதற்கு மேலே கப்பி. அது கடிகாரக் கடையில் கழித்துப் போட்ட சக்கரம். செம்புக் கம்பியில் பின்னிய கூடை, நெல்லிக்காய் அளவு. நூலை இழுத்தால் கூடை நிஜமாகவே இறங்கும், ஏறும். கடைக்கார அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "உள்ளே குட்டிக் குட்டிப் பழம் வெச்சிடுங்க, அழகா இருக்கும்" என்றார். எனக்கு என்னவோ அது சரியாகப் படவில்லை. ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

இனி அப்பாவைப் பற்றி. பால் பொங்கினால் பொங்கட்டும், படி. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். விடுமுறை முடிந்ததும் ஆபரேஷன். இந்த வயதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர், லிஃப்ட் இல்லாத நம் வீட்டின் மூன்று மாடியை இப்போது நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார். டாக்டரிடமே, "தேஞ்ச பாகத்தை மாத்திட வேண்டியதுதானே, இதுக்கு ஏன் சார் இவ்வளவு யோசனை" என்று கேட்டார். அந்த அறைவரைக்கும்தான் அந்த வீறாப்பு. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் யாரையும் பிடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மாதிரியை ஒருநாள் வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேசைக்கு மேல் மாட்டினேன். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கூடையை இறக்கி ஏற்றிப் பார்த்தார். "கயிறு குட்டை. கப்பிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடு" என்றார். பொம்மைக்கு எதற்கப்பா எண்ணெய் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நம்ம கப்பி என்ன கத்து கத்தும்! மத்தியானம் ஆனா உங்கம்மாவுக்கு உசுரு போய் உசுரு வரும். பாவமேன்னு நான்தான் எண்ணெய் விட்டேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடத் தொடங்கினார்.

நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நீயே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாய் என்று, "இனிமே இந்தப் படி ஏறாதே" என அப்பா சொன்ன அந்த முதல் வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். உன் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. குட்டி உன் வயிற்றில். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒற்றை அறை. அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்ததும் அம்மா சோற்றுப் பாத்திரத்தைக் கூடையில் வைத்து இறக்குவாள். நீ கீழே நின்று எடுத்துக்கொள்வாய். கப்பி கிறீச்சிடும்போதெல்லாம் அம்மா நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஒருநாள் சத்தம் நின்றுபோனது. "கடவுளாப் பாத்து அது வாயை அடைச்சுட்டார்டி" என்று என்னிடம் சொன்னாள். அப்படி நம்பிக்கொண்டேதான் போய்ச்சேர்ந்தாள். அந்தக் கடவுள் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்திருக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. "எண்ணெய் விடத் தெரிஞ்ச கைக்குக் கதவைத் திறக்கத் தெரியலையாப்பா?" என்று கேட்டேவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் கேட்டேன். அவர் கூடையை மேலே ஏற்றி நிறுத்தினார். பிறகு, "தெரியலைம்மா" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி வைத்தார்.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. போன வருஷம் அம்மா போனபோது அவ்வளவு தூரத்திலிருந்து வந்தாய். குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரியிலேயே நின்றாய். நான் கீழே ஓடிவந்து இழுத்ததற்கு, "அவர் கூப்பிடாம ஏற மாட்டேன்க்கா" என்றாய். மேலே போய் அவரிடம் சொன்னால், "பெத்த வீட்டுக்கு வர்றதுக்கு வெத்தலை பாக்கு வெச்சா கூப்பிடுவாங்க?" என்கிறார். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? உங்கள் இருவருக்கும் நடுவே மாடி ஏறி இறங்கியே என் முட்டி தேய்ந்தது. அம்மா அப்படியே, உன்னை மேலே பார்க்காமலே போய்விட்டாள்.

மறுநாள் அப்பா, கூடைக்குள் என்ன வைக்கப்போகிறாய் என்று கேட்டார். பழம் என்றேன். "பழம் யாருக்கு வேணா இறங்கும். சாவி வீட்டு ஆளுக்குத்தான் இறங்கும்" என்றார். எனக்கு எது உறுத்தியது என்று அப்போதுதான் புரிந்தது. நம் தெருவில் வெளியாள் வந்தால் யாராவது இறங்கிப் போய்க் கதவைத் திறப்போம். வீட்டு ஆள் கீழே நின்று குரல் கொடுத்தால் தெருக்கதவுச் சாவி கூடையில் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ போடுகிற கூச்சலில் பக்கத்து வீட்டுக் கூடைகள்கூட இறங்கும் என்று அம்மா கேலி செய்வாளே! அந்த வருஷம் முழுக்க அம்மா உனக்குச் சோறு இறக்கினாள். சாவியை இறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அப்பா தன் பழைய அரத்தை எடுத்து, பித்தளைத் தகட்டில் ஒரு சாவி ராவினார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. பல்லெல்லாம் நம் தெருக்கதவுச் சாவியின் பல்தான். பல தகடுகள் வீணாயின, என்னைத் தொடவிடவில்லை. அதை வைத்துத்தான் பட்டறையில் அச்சு எடுத்தோம். கடைக்கார அம்மா பழத்தை மறந்தே போனார். இந்த விடுமுறைக்கு ஊர் முழுக்க அந்தச் சாவி தொங்கப்போகிறது. ஆனால் அப்பா கையால் ராவியது ஒன்றே ஒன்று. அதை என் உள்ளங்கையில் வைத்து, "கடுகுக்கு அனுப்பற கூடையில இதைப் போடு" என்றார்.

உனக்கு அந்தப் பெயரை வைத்தவர் வாயிலிருந்து அது வந்து எத்தனை வருஷமாயிற்று! என்ன எழுதட்டும் அப்பா என்று கேட்டேன். "ஒண்ணும் எழுத வேணாம். பாத்தா அவளுக்கே தெரியும்" என்றார். நான் பேச்சைக் கேட்காமல் இத்தனை பக்கம் எழுதிவிட்டேன்.

அவர் கூப்பிட்டுவிட்டார், கடுகு. வாயால் கூப்பிடவில்லையே என்று வழக்குப் பேசாதே. இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். இதற்கு மேல் கற்றுக்கொள்ள ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு நாள் இருக்குமோ இருக்காதோ. விடுமுறை முடிவதற்குள் குட்டியையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

நிஜக் கூடையைக் கழுவிக் காயவைத்து, நிஜச் சாவியை அதில் போட்டு, ஜன்னலோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று நான் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கப்பி காய்ந்துபோய்ப் பழையபடி கத்துகிறது. எண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன். என் கையைத் தட்டிவிட்டார். "விடு, கத்தட்டும். இந்தத் தடவை தெருவுக்கே கேக்கட்டும்" என்றார்.

நீங்கள் மூவரும் நிறைவாக வாழ வேண்டும். கீழே நின்று பழையபடி ஒரு குரல் கொடு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அக்கா