வலைக்கூடத்துக்கு வெளியே

பிப்ரவரி 3, செவ்வாய்
கடற்கரைப் பாதையை உப்புக் கம்பெனி வேலி போட்டு அடைத்ததை எதிர்த்து நாலாவது கூட்டம். வழக்கம்போல வலைக்கூடத்தில். தரை முழுக்க வலை கிடக்கிறது. பெண்கள் வலையைத் தாண்டினால் மீன் படாது என்பது தருவைகுளத்து நம்பிக்கை. அதனால் அவர்கள் வெளியே நின்று கேட்டார்கள். செயலாளராக நான் கூட்ட நோட்டில் எழுதிய குறிப்பு: ‘பெண்கள் கருத்து எதுவும் சொல்லவில்லை.’ கையெழுத்து அழகாக வந்திருந்தது.

பிப்ரவரி 4
மீன் விற்கும் மரியசெல்வி வீட்டுக்கு வந்தாள். நேற்று வெளியே நெரிசலில் எவனோ அவள் இடுப்பைப் பிடித்திருக்கிறான். முகம் தெரியவில்லை.
“எங்களுக்கும் உள்ள இடம் இருந்தா இது நடந்திருக்குமா, ரெக்சண்ணே?”
“24ஆம் தேதி வேலி பற்றிக் கலெக்டர் விசாரணை இருக்கு. அது முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்றேன். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள்.

பிப்ரவரி 6
அவளிடம் மீன் வாங்கினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்
ஐந்தாவது கூட்டம். வெளியே ஒரு பெண்கூட இல்லை. “பொம்பளையளுக்கு அக்கறை இல்லலே” என்றார் தலைவர் இனிகோ அண்ணாச்சி. வேலியைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் கூடை சுமப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் வாய் திறக்காவிட்டால் 24ஆம் தேதி கலெக்டர் எங்களை ஏன் நம்ப வேண்டும்?
ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பிப்ரவரி 11
ஒரு பொம்பள வந்து வாயத் தொறந்து சொல்லிருக்கா. நான் தேதி சொல்லி அனுப்பிருக்கேன். சீ — என்ன மனுசன் நான்?
சாயங்காலம் அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.
“அதுக்கு? வலையத் தாண்டச் சொல்லுதியா?”
“வேண்டாம் அண்ணாச்சி. நாம வெளிய வருவோம்.”
அண்ணாச்சி வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு, “மீன் ஏலக் கொட்டகை காலையில பத்து மணிக்கு மேல சும்மாதான கெடக்கு” என்றார்.

பிப்ரவரி 14
அடுத்த கூட்டம் ஏலக் கொட்டகையில், பெண்களும் உள்ளே உட்காரலாம் என்று போய்ச் சொன்னேன். மரியசெல்வி: “வாரேன். ஒங்களுக்காக இல்ல. மொதல்ல எனக்கு நடந்ததப் பேசணும். கூட்ட நோட்டு எங்கிட்ட இருக்கணும், நாந்தான் எழுதுவேன்.”

பிப்ரவரி 17, செவ்வாய்
ஏலக் கொட்டகை. முப்பத்தொரு பெண்கள், உட்கார்ந்து. அவள் நடந்ததைச் சொன்னாள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கூட்டத்தில் பெண்களைத் தொந்தரவு செய்தால் யாரிடம் சொல்வது, என்ன செய்வது என்று பேசி முடிக்கவே ஒரு மணி நேரம். அப்புறந்தான் வேலி. விசாரணைக்குப் பன்னிரண்டு பெண்கள் பெயர் கொடுத்தார்கள்.
நான் எழுந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.
கூட்டம் முடிந்து நோட்டைக் கையில் தந்தாள். கோணல் எழுத்து. கடைசி வரி:
‘செயலாளர் மன்னிப்புக் கேட்டார். பிறகு பார்ப்போம்.’