காயாத உலக உருண்டை

நவ. 4, திங்கள்

விடியற்காலைல இருந்து மழை. மொட்டைமாடி வகுப்பு கேன்சல், சமையல்கட்டுலயே பாடம். முன்ரூம்ல இவர் தறி ஓட்டிகினு இருக்கார். அந்தச் சத்தத்துல பெரியவன் கதிர் வாய்ப்பாடு சொல்றது எனக்குக் காதுல விழல. அவனுக்கு அதுதான் வசதி.

வாங்கணும்: மைதா, பெரிய பலூன், நீல பெயின்ட்.

பலூன் மேல பேப்பர் ஒட்டி உலக உருண்டை செய்யறோம். ஒட்டறதுக்குள்ள சின்னவ நிலா அதுக்குப் பொட்டு வச்சுட்டா. ஆறு வயசு, எதைப் பாத்தாலும் பொட்டு.

“பூமில பொட்டு எங்கடி இருக்கு?”ன்னு கதிர்.

“நம்ம ஆரணிதான்.”

சாயந்திரம் இவர், “அக்கா சனிக்கிழமை வர்றாங்க. பசங்க படிப்பைப் பாக்கறாங்களாம். ஸ்கூல்ல திரும்பப் போடறதான்னு அப்ப முடிவு பண்ணிக்கலாம்.”

இவர் அக்கா, எனக்கு அண்ணி, தேசூர்ல டீச்சர். இவருக்கு அக்கா வாக்குதான் தீர்ப்பு.

போன வருஷம் யூனிஃபார்மைப் பாத்தாலே கதிருக்கு வாந்தி. அதனாலதான் வீட்டுப் படிப்பே.

நவ. 6, புதன்

கொஞ்ச நேரம் வெயில், மறுபடி தூறல். உருண்டை காயவே மாட்டேங்குது. டேபிள் ஃபேன் பத்தாதுன்னு நிலா பக்கத்துல உக்காந்து ஊதிகினு இருந்தா.

பலூன் வெடிச்சுது. ஒரு பக்கம் அமுங்கிப் போச்சு. நிலா ஒரே அழுகை.

கதிர் பள்ளத்தைத் தடவிப் பாத்தான். “இங்க பசிபிக் வச்சுக்கலாம்மா. அங்கதான் ஆழம் ஜாஸ்தி.”

புக்கைத் திறந்து பாத்தேன். சரிதான்!

ஆத்துக்கெல்லாம் தறில மிஞ்சின பட்டு நூல். நீலம் இல்லாததால நைல் சிவப்பு. நம்ம ஊர் ஆறு மட்டும் ஜரிகை, நைலை விட நீளம். திருத்தாம விட்டுட்டேன்.

நவ. 9, சனி

அண்ணி காலைலயே வந்துட்டாங்க. கையோட கொஸ்டின் பேப்பர். கதிர் உக்காந்து எழுதினான். கணக்குல பாதிக்கு மேல தப்பு. அண்ணி சிவப்பு பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாங்க. எனக்கு முகமெல்லாம் சூடு.

அவன் எழுந்து உள்ள போனான். போச்சு, வாந்திதான்னு பின்னாடியே ஓடினேன். எதிர்ல உருண்டையைத் தூக்கிகினு வர்றான்!

“அத்தை, இதுல கேளுங்க.”

“சரி. நமக்குப் பகலா இருந்தா அமெரிக்காவுல ஏன்டா ராத்திரி?”

நிலா கைல போன் டார்ச்சைக் குடுத்து சூரியனா நிக்க வச்சான். உருண்டையை மெதுவா சுத்திகினே சொன்னான். சூரியன் நடுவுல தும்மிச்சு. அண்ணிக்கே சிரிப்பு.

“இது என்ன ஆறு, இவ்ளோ நீளம்?”

“நம்ம ஆறுதான் அத்தை. நெஜத்துல தண்ணி கம்மி, இதுல நெறைய விட்டிருக்கோம்.”

சாப்பிடும்போது அண்ணி இவர்கிட்ட, “கணக்கு ரொம்ப வீக்குடா. சொல்லாம இருக்க முடியாது.”

சுருக்குன்னுது. உண்மைதான், ஆனாலும்.

“ஆனா புள்ள என் முகத்தைப் பாத்துப் பேசறான். போன வருஷம் என்னைப் பாத்ததும் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுகினான். ஸ்கூலுக்கு இப்ப என்ன அவசரம்? கணக்கை நான் தினம் போன்ல பாத்துக்கறேன்.”

இவர் அக்கா தட்டுல இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தினார். அப்புறம், “சரிக்கா.”

சமையல்கட்டுக்குப் போய்த் தனியா சிரிச்சேன். கண்ணுலயும் தண்ணி.

நவ. 11, திங்கள்

மழை விட்டாச்சு. மொட்டைமாடில பாய் போட்டாச்சு. அண்ணி வீடியோ கால், கதிர் வகுத்தல். நிலா நடுவுல தலையை நீட்டி, “அத்தை, உங்களுக்குப் பொட்டு கோணல்.”

“கதிர், மூணாவது கணக்கு தப்பு”ன்னு அண்ணி குரல். எனக்குத் திக்குன்னுது. அவனைப் பாத்தேன்.

“தப்பா? இருங்க அத்தை, அழிச்சுட்டுப் போடறேன். அம்மா, ரப்பர் எங்க?”

தேடிகினு இருக்கேன்.