அப்பா பெயரில் ஓர் அறை

தர்ஷிணி,

நேற்று உன் ரிசோர்ட்டுக்கு வந்திருந்தேன். லாபித் தூணுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ பார்க்கவில்லை.

கிள்ளானிலிருந்து வந்த ஆன்டி ஒருவர் கவுன்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். "பவுனம்மாள்னு புக்கிங் இருக்கும், என் மகன் போட்டான். நல்லா பாரும்மா!" கணினியில் அந்தப் பெயர் இல்லை. உன் பக்கத்தில் நின்ற பெண் கையை விரித்துவிட்டாள். நீ அவருடைய அடையாள அட்டையை, அந்த ஐசியை, வாங்கிப் பார்த்தாய்.

"ஆன்டி, முத்தையாங்கிறது உங்க அப்பாவா?"

"அவரு செத்து நாப்பது வருஷம் ஆச்சு லா! அவரை ஏன் இழுக்கிறே?"

"அவர் பேர்லதான் ரூம் இருக்கு. ஏரியைப் பார்த்த ரூமா பார்த்துப் போட்டிருக்கார்."

ஐசியில் அவர் பெயருக்குப் பின்னால் வரும் அப்பா பெயரை யாரோ குடும்பப் பெயராகப் பதிந்திருக்கிறார்கள். ஆன்டி உரக்கச் சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஆனாலும் நீ அவசரப்படுத்தவில்லை. அவர் முடிக்கும்வரை நின்று, அறைச் சாவியை இரண்டு கைகளாலும் கொடுத்தாய்.

பல்லைக் காட்டும் வேலை என்று இதையா சொன்னேன்?

அந்தச் சொல்லைக் கேட்டு நீ ஊழியர் விடுதிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் உன் செருப்பு வாசலிலேயே இருக்கிறது.

இந்தத் தாளைத் திருப்பிப் பார். நீ கையெழுத்திட வேண்டும் என்று நான் அச்சடித்துக் கொண்டுவந்த ராஜினாமாக் கடிதம் அது. குறுக்கே கோடு போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை மறுபடி வருகிறேன். தூணுக்குப் பின்னால் அல்ல, உன் கவுன்டருக்கு.

வரிசையில் கடைசியாக நிற்கப்போகிற உன் அப்பா