ஐந்தில் மூன்று 'சரி'

மார்ச் 3

தடுப்பூசிக் கிடங்கில் புது முறை வந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க வந்த கணினிக்காரர் 'பிளாக்செயின்' என்றார். ஒரு மண்ணும் புரியவில்லை. மேனேஜர் தலையாட்டினார். அவருக்கும் புரியவில்லை என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது.

மார்ச் 4

கணினிக்காரரை விடாமல் கேட்டேன். ஃபிரிட்ஜில் எத்தனை டிகிரி என்று நான் பதிவதை இனி ஐந்து இடங்கள் வைத்திருக்குமாம்: தொழிற்சாலை, கிடங்கு, வேன், ஆஸ்பத்திரி, மருந்து ஆய்வாளர். ஒரே நோட்டுக்கு ஐந்து பிரதி. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தின பக்கத்தின் கைரேகை மாதிரி ஓர் எண். பழைய பக்கத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறி, அடுத்த பக்கத்தோடு ஒட்டாது.

"எல்லாப் பக்கத்தையும் மாத்தி எழுதிட்டா?"

"உங்க பிரதி மட்டும்தான் மாறும். மத்த நாலும் காட்டிக் குடுத்துடும்."

புதுப் பக்கம் ஏற, ஐந்தில் மூன்று இடங்கள் 'சரி' போடவேண்டும். இதுதான் ஒருமித்த முடிவு. முன்பின் தெரியாதவர்கள் லட்சம் பேர் சேர்ந்த கணினி வலைகளில்? கடினமான புதிரை முதலில் அவிழ்ப்பவர் அடுத்த பக்கத்தை எழுதலாமாம். வேறு சில வலைகளில் சொந்தக் காசைப் பணயம் வைத்தவர் எழுதுவார். ஏமாற்றினால் பணயம் போச்சு. எத்தனை விதமாக யோசித்திருக்கிறார்கள்!

மார்ச் 5

பயிற்சித் திரையில் நேற்றைய 4 டிகிரியை 40 ஆக்கிப் பார்த்தேன். ஏற்கவே இல்லை. இந்தப் பிடிவாதத்துக்கு முன்னால் என் நாத்தனார் தோற்றாள்.

மார்ச் 11

மகளின் பள்ளியில் கூட்டம். நாலு மணி அளவை இரண்டரைக்கே 'ஐந்து' என்று பதிந்துவிட்டுக் கிளம்பினேன். எல்லோரும் செய்வதுதான். என்றைக்கும் ஐந்துதானே.

மார்ச் 12

நேத்து மூணிலேருந்து ஆறு வரைக்கும் கரண்ட் இல்லையாம். ஜெனரேட்டரும் ஓடலையாம். எட்டைத் தாண்டினாலே மருந்து வீண். ஏறிய உச்ச அளவிலேயே நின்றுவிடும் ஃபிரிட்ஜின் சிவப்பு முள் பதினேழில் நிற்கிறது. அதிலிருந்த தடுப்பூசிப் பெட்டி விடியற்காலையே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பதிவில் ஐந்து டிகிரி. ஐந்து இடத்திலும் என் பொய் பத்திரமாக இருக்கிறது.

கணினிக்காரருக்குப் போன் செய்தேன். "எழுதினதை அது காப்பாத்தும்மா. எழுதினது உண்மையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" அழிக்க முடியாது. கீழே, என் பெயரோடு, திருத்தம் சேர்க்கலாம். அதற்கும் மூன்று 'சரி' வேண்டும்.

ஆஸ்பத்திரி நர்ஸ்: "பெட்டியைத் தனியா எடுத்து வச்சிட்டேன். ஆனா திருத்தம் ஏறாம தொழிற்சாலையில மாத்துப் பெட்டி தரமாட்டாங்க. நாளைக்கு முப்பது கைக்குழந்தைங்க வருது."

மேனேஜர்: "அடுத்த மாசம் உன்னை நிரந்தரம் பண்றதா இருக்கு. நீயே உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதே."

எழுதிவிட்டேன். 'நாலு மணி அளவைப் பார்க்காமல் பதிந்தேன்.' கிடங்கின் 'சரி' என்னுடையது. ஆஸ்பத்திரி இரண்டாவது. தொழிற்சாலை "விசாரிக்கிறோம்" என்றது. ஆய்வாளர் விடுப்பு. மிச்சம் வேன் ஓட்டும் அண்ணன்தான்.

அவர் சொன்னார்: "பெட்டியை ஏத்தும்போது நானும்தாம்மா முள்ளைப் பாக்கலை. பாத்தேன்னு போட்டுட்டேன். இப்போ சரின்னா நானும் மாட்டுவேன்."

முப்பது குழந்தைகள் என்றேன். வைத்துவிட்டார்.

மார்ச் 13

காலை 8.10. மூன்றாவது 'சரி' விழுந்தது. அதன் கீழே: 'நானும் பார்க்காமல்தான் ஏற்றினேன்.'

உட்கார்ந்து அழுதேன். மாற்றுப் பெட்டி பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. தாய்மார்கள் காத்திருந்தார்களாம்.

ஏப்ரல் 2

நிரந்தரப் பட்டியலில் என் பெயர் இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம். அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பெட்டியை ஏற்றும் முன் அவரே கூப்பிட்டார்.

"வாம்மா, ரெண்டு பேருமா பாப்போம்."

பார்த்தோம். நாலரை டிகிரி.