படகு வேண்டாம்

அன்பு மகளுக்கு,

தேனிலவுக்குப் போன கிரேக்கத் தீவில், சூரியன் மறைவதை மலையிலிருந்து பார்ப்பதா, படகிலிருந்தா, கரையிலிருந்தா என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளை ஆசைப்பட்டாலும் படகு வேண்டாம். போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அந்தத் தீவு எனக்குத் தெரியும். கனடாவுக்குக் கள்ளமாக வரும் வழியில், துருக்கியிலிருந்து ஏஜென்சிக்காரன் எங்களைப் படகில் ஏற்றினான். சூரியன் விழும் நேரம் கரை தெரிந்தது. பக்கத்திலிருந்த நண்பன் தன் பாஸ்போர்ட்டை நீட்டினான்.

"மச்சான், உன்ர பொலித்தீன் பைக்குள்ள இதையும் வை. கரையில வாங்கிறன்."

சற்று நேரத்தில் படகு கவிழ்ந்தது. நான் நீந்திக் கரையேறிக் காத்திருந்தேன். அவன் வரவில்லை.

கனடா விசா அவனுடைய பாஸ்போர்ட்டில் மட்டுமே இருந்தது. ஏஜென்சிக்காரன் அதில் என் படத்தை மாற்றி ஒட்டித் தந்தான்; அவன் பெயரில் கனடா வந்தேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

இங்கே கியூபெக்கில், ஜான்-டலோன் சந்தையில் யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவன் வந்துவிட்டானா என்றுதான் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். கியூபெக் சட்டப்படி, கல்யாணத்துக்குப் பிறகும் உன் பெயரோடு இருப்பது அப்பாவின் பெயர். அதாவது, அவனுடைய பெயர்.

கரையில் நின்று பார், பிள்ளை. சூரியன் போனதும் அந்தப் பெயரைக் கடலைப் பார்த்து ஒருமுறை சத்தமாகச் சொல்.

கரையில் வாங்குவதாகத்தானே சொன்னான்.

உன் அப்பா